பரிமளா பனி பார்க்க வந்தாள்

1

"அக்கா, நாங்க ஒங்க ஊருக்கு வரோம்" என்று என் தங்கை பரிமளா போனில் சொன்னபோது, "வாடி" என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது, "எப்படி?"

"எப்டின்னா இன்னாக்கா, பிளேன்லதான்" என்றாள்.

அவள் கணவர் குமார் பழவேற்காட்டில் படகு இன்ஜின் கடை வைத்திருக்கிறார். நன்றாக விற்றுக்கொடுத்த கடைக்காரர்களை அந்த இன்ஜின் கம்பெனி மனைவியோடு ஐரோப்பா சுற்றிக்காட்ட அழைத்துப் போகிறதாம். இந்த வருஷம் குமார் பெயரும் வந்துவிட்டது. கும்பலோடு சுற்றி முடித்த பிறகு, ஊருக்குத் திரும்புமுன் எங்களோடு மூன்று நாள் இருக்க வேண்டும் என்பது பரிமளாவின் ஆசை. அதுவும் எங்கள் வீட்டில் இல்லை. பனி கொட்டுகிற மலையூரில், ஹோட்டலில், எல்லாரும் சேர்ந்து. நான்தான் பக்கத்தில் இருக்கிறேன், எனக்குத்தான் பாஷை தெரியும், ஆகவே ஏற்பாடு என் பொறுப்பு.

நான் இருப்பது ஆஸ்திரியாவில், இன்ஸ்புருக் நகரத்தில். எந்த ஜன்னலைத் திறந்தாலும் மலைதான். என் கணவர் முருகன் இங்கே ஓர் இந்திய உணவகத்தில் சமையல்காரர். நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஊரில் படித்த நர்சிங் படிப்பை இந்த நாடு ஒப்புக்கொள்ளவே பல வருஷம் ஆனது. மொழித் தேர்வு, மறுபடி தேர்வு, சென்னையில் நான் படித்த கல்லூரியின் பாடத்திட்டத்தை மொழிபெயர்த்து முத்திரை வாங்கி வா என்று ஒரு அலைச்சல். அதெல்லாம் முடிந்து இப்போதுதான் மூச்சு விடுகிறேன். இத்தனை வருஷத்தில் பனிச்சறுக்கு ஊர் ஒன்றில் நான் விருந்தாளியாக ஒரு நாள்கூடத் தங்கியதில்லை.

பத்தாவதில் கணக்கில் தோற்றுவிட்டு, "எனக்கு இது ஒத்துவராது" என்று புத்தகத்தைக் கட்டிப் பரணில் போட்டவள் பரிமளா. வீட்டில் படிப்பாளி நான். வெளிநாட்டுக்குப் போகப் பிறந்தவளும் நான்தான் என்று எங்கள் நைனா ஏரிக்கரையெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நான் அத்தனை காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நுழைந்த நாட்டுக்குள் இவள் இன்ஜின் விற்று வருகிறாள். போனை வைத்த பிறகு, ஒரு கிழவருக்குக் காலுறை மாட்டிவிடும்போது அவர், "என்ன சிஸ்டர், முகம் இப்படி இருக்கிறது, கெட்ட செய்தியா?" என்று கேட்டார். "நல்ல செய்திதான், தங்கை வருகிறாள்" என்றேன். அவர் நம்பவில்லை.

2

எந்த மலையூர் என்பதில் முதல் சிக்கல் வந்தது.

இங்கே வந்த புதிதில், படிப்புக்கு அங்கீகாரம் கிடைக்காத காலத்தில், ஒரு குளிர்காலம் முழுக்க மலையூர் ஒன்றின் ஹோட்டலில் துணி துவைக்கும் பிரிவில் வேலை செய்தேன். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வேலை முடிந்து வந்து ஹோட்டல் வாசலில் பனியில் நின்று எடுத்த படம் ஒன்று அனுப்பியிருந்தேன். அந்தப் படத்தை அம்மா சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறாள். பரிமளா தினமும் பார்க்கிற படம்.

"அந்த ஊருக்கே போலாங்க்கா. நீ வேலை செஞ்ச ஹோட்டல்லயே தங்கலாமே. எனக்கு அத பாக்கணும்."

அவள் எந்த விஷமமும் இல்லாமல்தான் கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. நான் மூட்டை மூட்டையாகத் துவைத்து மடித்த விரிப்பில் இவள் காலை நீட்டிப் படுக்கப் போகிறாள். "அங்க எடம் கெடைக்காதுடி, ஒரு வருஷம் முன்னாடியே எல்லாரும் பிடிச்சிடுவாங்க" என்றேன். வேறு ஊர்கள் நாலைந்தின் பெயரைச் சொன்னேன். அது மலிவு, இது அழகு, இங்கே ஏரி இருக்கிறது என்றேன்.

"ஏரிய பாக்கவா அங்க வரேன்?" என்றாள்.

சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த என் மகள் கயல், போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "மாமா, அந்த ஹோட்டல்ல ரெண்டு ரூம் இருக்கு. இப்போ பாத்தேன்."

கயலுக்குப் பதின்மூன்று வயது. இங்குள்ள பிள்ளைகள் தாயை 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடம் போன முதல் வருஷமே அவளிடமிருந்து 'அம்மா' போய்விட்டது. மறுமுனையில் பரிமளா விழுந்து விழுந்து சிரித்தாள். "பெத்தவள மாமான்னு கூப்புடுது பாரு. அப்ப ஒங்க அப்பாவ இன்னான்னு கூப்புடுவ, அத்தையா?" அதற்குக் கயலும் சிரித்தாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன்.

மறுநாள் ஹோட்டலுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் வேகமாக மலைப்பக்கத்து ஜெர்மன் பேசினாள். 'ஹால்ப்பென்சியோன்' வேண்டுமா என்றாள். காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் ஹோட்டலிலேயே என்று அதற்கு அர்த்தம். வேண்டும் என்றேன். இன்னொன்றும் சொன்னேன், என் தங்கையும் கூட வருகிறாள் என்று. இந்த மொழியில் உடன்பிறந்தவளுக்கும் நர்ஸுக்கும் ஒரே சொல்தான், 'ஷ்வெஸ்டர்'. தினமும் வேலையில் அந்தப் பெயரால்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அந்தப் பெண் குரலைத் தணித்துக்கொண்டு ஏதோ நீளமாகக் கேட்டாள். பாதி புரிந்தது. "ஆமாம், ஆமாம், நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சாப்பாட்டு விவரத்தை அந்த ஜெர்மன் சொல்லோடு குமாருக்கு எழுதி அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "பாதி பென்சனாக்கா? எனக்கு அந்த வயசு ஆவலயே இன்னும். முழு பென்சனே போட்டுக் குடுக்க சொல்லுங்க" என்று கடையில் இருக்கிறவர்கள் கேட்கிற மாதிரி சிரித்தார்.

3

டூர் கும்பலை விட்டு மூன்று நாள் தனியாக இருப்பதென்றால், இங்கிருக்கும் உறவினர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும் என்று டூர்க்காரர் சொல்லிவிட்டார். ஆகவே நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போலீஸ் அலுவலகத்துக்குப் போனேன். சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வீடு எத்தனை சதுர மீட்டர் என்கிற விவரம் எல்லாம் கேட்டார்கள். வந்தவர்களுக்குச் செலவுக்கு வழியில்லாமல் போனால் நான் தாங்குவேன் என்று உறுதி சொல்ல வேண்டும். பழவேற்காட்டில் மூன்று மாடி வீடும் கடையும் வைத்திருப்பவர்களை, இரண்டு அறை வாடகை வீட்டுக்காரி நான் தாங்குவதாக எழுதிக் கொடுத்தேன். மேசைக்கு அப்பால் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "உங்கள் தங்கைக்கு அங்கே திரும்பிப் போகக் காரணம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

"நிறைய இருக்கிறது" என்றேன். சொல்லும்போதே சுருக்கென்றது. பழவேற்காட்டில் எங்கள் குப்பம் பாலத்தைத் தாண்டி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல்மேல் கிடக்கிறது. அங்கே பரிமளாவுக்கு வீடு இருக்கிறது. அம்மா இருக்கிறாள். சாயங்காலம் கரையில் போய் நின்றால் கூப்பிட்டுப் பேச இருபது பேர் இருக்கிறார்கள். யாராவது என்னிடம் அதே கேள்வியைக் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று டிராமில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

அந்த வாரம் அம்மா போன் செய்தாள். "பரிமளாக்கு சட்டுனு சளி புடிச்சிக்கும். ஒன்னோட நல்ல கோட்ட அவளுக்கு குடு. காதுல காத்து போவாம பாத்துக்கோ."

"சரிம்மா."

"ராத்திரில வென்னி வச்சிக் குடு."

"சரிம்மா."

வந்த நாள் முதல் இன்று வரை, உனக்குக் குளிருகிறதா என்று அம்மா என்னைக் கேட்டதில்லை. நான் படித்தவள், சமாளித்துக்கொள்வேன். போனை வைத்துவிட்டு, என் நல்ல கோட்டை எடுத்துப் பார்த்தேன். அதற்கு முந்தின மாதம்தான், தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்கியது. முருகனிடம், "பழசைக் கொடுத்தால் போதாதா?" என்றேன். அவர், "நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். பிப்ரவரியில் இந்த ஊரில் சமையல்காரருக்கு விடுப்பு கிடையாது. பனி பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கீழே இறங்கிச் சாப்பிட வருவார்கள். ஆகவே அவர் எங்களோடு வரவில்லை.

நல்ல கோட்டைத்தான் கொடுத்தேன். அம்மா படம் கேட்பாளே.

4

ஹோட்டல் அறையைத் திறந்த பிறகுதான் போனில் அந்தப் பெண் குரலைத் தணித்துக் கேட்டது என்னவென்று புரிந்தது. நர்ஸ் துணையோடு ஒரு நோயாளி வருகிறார் என்று எடுத்துக்கொண்டு, பரிமளாவுக்கும் குமாருக்கும் தரைத்தளத்தில், சக்கர நாற்காலி போகிற அகலத்தில் கதவு வைத்த அறையைக் கொடுத்திருந்தார்கள். குளியலறை முழுக்கக் கைப்பிடிக் கம்பிகள். மலை தெரியவில்லை. வண்டி நிறுத்துகிற இடம் தெரிந்தது.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அது கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. குமார் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, "எவ்ளோ யோசிச்சி கட்டிகீறான் பாரு. வழுக்கி வுழவே மாட்டோம்" என்று மகிழ்ந்துபோனார். விளக்குக் கயிறு என்று நினைத்து ஆபத்துக்கு இழுக்கிற சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டார். வரவேற்பில் இருந்த பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அவளும் சிரித்து, பரிமளாவும் சிரித்து, கடைசியில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒரு சொல் ஜெர்மன் தெரியாமல் என் தங்கை இந்த ஊரில் ஒரு சிநேகிதியைச் சம்பாதித்துவிட்டாள். எங்கள் அடுக்ககத்தில் எதிர்வீட்டுக்காரியிடம் 'வணக்கம்' தாண்டி ஒரு வார்த்தை பேச எனக்கு நான்கு வருஷம் ஆனது.

மறுநாள் காலை பழகுகிறவர்களுக்கான சின்னச் சரிவுக்குப் போனோம். கயல் பள்ளிக்கூடத்தில் சறுக்கக் கற்றிருந்தாள். அவள்தான் சித்திக்கும் சித்தப்பாவுக்கும் வாத்தியார். நான் எல்லாருடைய பையையும் மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. யாரும் எழுந்து வரச் சொல்லவுமில்லை.

குமார் நின்ற இடத்திலேயே விழுந்தார். எழுந்து மறுபடி விழுந்தார். பிறகு எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இது நமக்கு சரிப்படாதுக்கா, டீ எங்க கெடைக்கும்?" என்றார். பரிமளாவும் இரண்டு முறை விழுந்தாள். மூன்றாம் முறை நின்றாள்.

"முட்டிய மடக்கு சித்தி" என்று கயல் கத்தினாள். "போட்ல நிக்கிற மாதிரின்னு சொன்னியே, அப்டியே நில்லு. வுட்டுடாத."

'வுட்டுடாத.' அந்தச் சொல்லை அவளுக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை. வீட்டில் நான் தமிழில் கேட்டால் பெரும்பாலும் ஜெர்மனில் பதில் சொல்கிறவள். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு அனுப்ப நான் கெஞ்சியும் பார்த்தேன், மிரட்டியும் பார்த்தேன். ஒரே நாளில் சித்தியின் வாயிலிருந்து அவள் எங்கள் குப்பத்துப் பேச்சைப் பொறுக்கிக்கொண்டுவிட்டாள். என் கோட்டைப் போட்டுக்கொண்டு, என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, என் தங்கை அந்தச் சரிவில் கீழே இறங்கிவந்தாள். நைனாவின் படகில் நானும்தான் நின்று வளர்ந்தேன். எனக்கும் முட்டி மடங்கும்.

"படம் எடுத்தியாக்கா?" என்று மூச்சுவாங்கக் கேட்டாள் பரிமளா.

எடுக்கவில்லை. "எடுத்தேன், சரியா வரல" என்றேன்.

5

அன்று மத்தியானம் பரிமளா, நான் வேலை செய்த இடத்தைக் காட்டச் சொன்னாள். அடித்தளத்துக்குக் கூட்டிப்போனேன். துணி துவைக்கிற இடம் இப்போது அங்கே இல்லை. வெளியே எங்கோ கொடுத்து வாங்குகிறார்களாம். அந்த அறையில் விருந்தாளிகளின் சறுக்குக் கட்டைகளையும் ஈரப் பூட்ஸுகளையும் காயவைக்கிற தாங்கிகள் வரிசையாக நின்றன.

"இங்கியா நின்னுகினு இருந்த?"

"அந்த மூலையில. மெஷின் தொவச்சிடும். எடுத்து மடிக்கிறது நானு."

சுற்றிப் பார்த்தாள். "ஜன்னல் எங்க?"

"இல்ல."

அவள் அந்த மூலைவரை நடந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். அதுவே எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஐயோ பாவம் என்று நினைக்கிறாள் என்று பட்டது. மேலே வந்து டீக்கு உட்கார்ந்தோம். குமார் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். கயல் மறுபடி சரிவுக்குப் போயிருந்தாள். பரிமளா கண்ணாடி வழியாக மலையைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, காலைலேந்து பாக்கறேன், ஏறுறாங்க, எறங்குறாங்க. மறுபடி ஏறுறாங்க. வேற வேலையே இல்லியா இவங்களுக்கு?" என்று கொட்டாவி விட்டாள். "எனக்கு வூட்டு நெனப்பு வந்துடுச்சி. இந்நேரம் எறா வலைல நல்லா பட்டுகினு இருக்கும்" என்றாள். பிறகு சாதாரணமாக, "கயலு லீவுக்கு எங்கூட வந்து இருக்கேன்னுது. ஆடி மாசம் அனுப்பி வையேன்" என்றாள்.

"என்கிட்ட சொல்லல அவ."

"ஒன்கிட்ட கேக்க பயமா கீதாம்."

கையில் இருந்த கோப்பையை வைத்தேன். "ஒனக்கு எல்லாம் கெடச்சிடுச்சி இல்லடி. அம்மா ஒங்கிட்ட. வூடு ஒங்கிட்ட. நான் இத்தினி வருஷமா அண்ணாந்து பாத்துகினு இருந்த மலைய நீ வந்து ஒரு நாள்ல பாத்து முடிச்சிட்டு கொட்டாவி விடற. இப்ப எம் பொண்ணும் வேணுமா?"

வெகுநாளைக்குப் பிறகு என் வாயிலும் ஊர்ப்பேச்சு வந்துவிட்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பரிமளா கோபப்படவில்லை. அழவும் இல்லை. "ஆமாங்க்கா, கெடச்சிச்சி. நானா கேட்டு வாங்கல. அதுக்கு இப்ப இன்னா பண்ண சொல்ற?"

நான் கோப்பையை மறுபடி கையில் எடுத்தேன்.

"நீ வயிறெரியறது போன்லயே தெரிஞ்சிச்சி. அந்த ஹோட்டல்ல எடம் இல்லன்னு சொன்ன பாரு, அப்பவே. வராம இருந்துடலாமான்னுகூட பாத்தேன். வந்தா ஒன்ன பாக்கலாம், கயல பாக்கலாம். அதான் வந்தேன். மலை இன்னா மலை." டீயைக் குடித்து முடித்தாள். "பொண்ண அனுப்பறதும் அனுப்பாததும் ஒன் இஷ்டம். நான் இழுத்துகினு போவல."

அவள் எழுந்து போனாள். இரவுச் சாப்பாட்டின்போது எனக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, தட்டில் இருந்த கேக்கில் பாதியை வெட்டி என் தட்டில் வைத்தாள். அவ்வளவுதான் சமாதானம்.

கிளம்பும் நாள் காலையில் அவள் அறைக்குப் போனபோது, கட்டில் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் கழற்றி, மடித்து, கட்டிலின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"விட்டுட்டு வாடி. அதுக்கு ஆள் இருக்காங்க."

"யாரோ ஒரு அக்காதான வந்து எடுக்கப்போவுது" என்றாள்.

எப்படியும் அதைப் பிரித்துத்தான் துவைக்கப் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். இத்தனையும் கிடைத்தவள் நல்லவளாகவும் இருக்கிறாளே என்று அதற்கும் சேர்த்துத்தான் எரிந்தது.

6

அவர்கள் போன பிறகு வீட்டில் கயலின் தமிழ் மட்டும் தங்கியது. 'இன்னா' என்கிறாள், 'பேஜாரு' என்கிறாள். முருகனுக்கு ஒரே சிரிப்பு. ஆடி மாதப் பயணத்துக்கு நான் ஒப்புக்கொண்டேன். உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்துவிட்டுத்தான் சொன்னேன். கயல் என்னைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நிமிஷமே சித்திக்குப் போன்.

ஏப்ரலில், இல்லத்தில் எனக்கு வாரநாள் விடுப்பு ஒன்று வந்தது. கயல் பள்ளிக்கூடத்தில், முருகன் வேலையில். யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்து அதே மலையூருக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. பூட்ஸும் சறுக்குக் கட்டையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பயிற்சி கொடுக்கும் இளைஞனிடம் போய், "எனக்கு ஒன்றுமே தெரியாது" என்றேன். பருவம் முடிகிற நேரம், பெரியவர்கள் வகுப்பில் ஆள் இல்லை. பாலர் பள்ளிப் பிள்ளைகளோடு என்னை நிறுத்தினான். என் இடுப்புக்குக் கீழே இருந்தார்கள் எல்லாரும். ஒரு குட்டிப் பெண் என்னைச் சுற்றி வந்து, "பாட்டி, பயப்படாதீங்க" என்றாள். எனக்கு நாற்பத்திரண்டு வயது.

விழுந்தேன். வெயிலில் இளகிப்போன பனி, அதனால் அடி படவில்லை, நனைந்ததுதான். எழுந்து விழுந்து, பக்கவாட்டில் நண்டு மாதிரி ஏறி, மறுபடி விழுந்தேன். அன்றும் அதற்கடுத்த வாரமும் போனேன். இரண்டாம் முறை போனபோது, மத்தியானத்துக்கு மேல், அந்தச் சின்னச் சரிவின் உச்சியிலிருந்து விழாமல் கீழே வந்து சேர்ந்தேன். காதில் காற்று அடித்தது. கால் தானாக மடங்கிக்கொண்டது. கீழே யாரும் எனக்காக நிற்கவில்லை, யாரும் படம் எடுக்கவில்லை. நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அப்போது எனக்கு யார்மேலும் பொறாமை இருக்கவில்லை. குளிருகிறதா என்று என்னை ஏன் கேட்டதில்லை என்று அம்மாவிடம்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து போனை எடுத்தேன். எங்கள் குடும்பக் குழுவில் வீடியோ அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. கயலும் பரிமளாவும். எந்தத் தேதிக்கு டிக்கெட், எத்தனை பாவாடை தைக்க, படகில் யார் கூட்டிப்போக என்று இரண்டு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நெஞ்சில் பழைய இடத்தில் பொறாமை வந்து உட்கார்ந்துகொண்டது.

நானே அழைப்பில் சேர்ந்தேன்.

"வாக்கா, வேலைல கீறன்னு நெனச்சோம்" என்றாள் பரிமளா.

"வேலை இல்லடி இன்னைக்கு. நான் எங்கிருந்து வரேன்னு சொல்லு பாக்கலாம்."

கயல் திரையை நெருங்கிப் பார்த்தாள். என் நனைந்த முடியையும் வெயிலில் சிவந்த மூக்கையும் பார்த்துவிட்டு, "மாமா, நீ சறுக்கினியா?" என்றாள்.

"மேலேந்து கீழ வரைக்கும். விழாம."

பரிமளா சிரிக்கவில்லை. பழவேற்காட்டில் கடை கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வாயைச் சுழித்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, "அன்னிக்கு நான் இருந்தப்ப பெஞ்சில ஒக்காந்துகினு இருந்த. இப்ப தனியா போயி சறுக்கறியா, என்ன வுட்டுட்டு?" என்றாள். பிறகு முணுமுணுப்பாக, "நான் ரெண்டு தடவ வுழுந்துட்டேன்" என்றாள்.

அவள் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததே இல்லை. பஸ் மலையைச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தது. சரிவில் அந்தக் குட்டிப் பெண் என்னைப் பாட்டி என்று கூப்பிட்டது முதல், எப்படி நின்றேன், எப்படி வந்தேன் என்பது வரை ஒன்று விடாமல், மெதுவாக, அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.